பின்னறையில் ஒரு கப்பல்

அத்தியாயம் ஒன்பது

ஞாயிற்றுக்கிழமை காலை, முகம் கழுவி, டீயை ஆற அமரக் குடித்து முடித்துவிட்டு ஊசியக்கா கப்பல் ஏறினாள்.

கப்பல் என்றால் வேறொன்றுமில்லை, வீட்டின் பின்னறைதான். ஒரு தையல் மெஷின், ஒரு கட்டில், துணி அடுக்கிய அட்டைப்பெட்டிகள், பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்த்த ஒரு ஜன்னல். அவள் உள்ளே போனதும் மகள் கதவைச் சாத்தினாள். உடனே திறந்தாள். "கையாட்ட மறந்துட்டேன்" என்று சொல்லி ஆட்டிவிட்டு மறுபடி சாத்தினாள்.

போன வாரம் இந்த வீட்டுக்குள் நுழைந்த பேச்சு இப்படித்தான் பின்னறையில் வந்து நின்றிருந்தது. ஊசியக்கா ஒரு பெரிய ஹோட்டலின் அடித்தளத்தில் சீருடை தைக்கிறவள். சட்டைக் காலரில் எப்போதும் நூல் கோத்த ஊசி ஒன்று குத்தியிருக்கும். அதனால் ஹோட்டல் முழுக்க அவள் ஊசியக்காதான். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும் தெரியும்.

அவளுக்கு ஒரு பயணிகள் கப்பலில் வேலை வந்திருந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் உல்லாசமாக ஊர் ஊராகச் சுற்றுகிற கப்பல். அத்தனை பேருக்கும் ஒரே ஒரு தையற்காரர். எட்டு மாதம் கடலில், இரண்டு மாதம் வீட்டில். மகளின் பரீட்சை முடிந்த பிறகுதான் புறப்பாடு என்று சொல்லியிருந்தார்கள். சேருகிறாளா இல்லையா என்று கேட்டு ஏஜென்ஸிக்காரி இன்று மாலை ஆறு மணிக்குக் கூப்பிடுவாள். ஏஜென்ஸிக்கு ஞாயிறு ஏது, திங்கள் ஏது?

சேதி வந்த நாளிலிருந்தே கணவர், "போய்ட்டு வா, நாங்க பாத்துக்கறோம்" என்று ஒற்றைக் காலில் நின்றார். அவர் லிஃப்ட் மெக்கானிக். அவ்வளவு சுலபமாக அவர் சரி என்றதே அவளுக்கு உறுத்தியது. கொஞ்சம் தயங்கியிருக்கலாம். ஒரு பெருமூச்சாவது விட்டிருக்கலாம்.

"நான் இல்லேன்னா இந்த வீடு ஒரு நாள் தாங்காது" என்றாள்.

"தாங்குதா இல்லையான்னு பாத்துடலாமே" என்றார் லிஃப்ட்காரர். "புதுசா லிஃப்ட் மாட்டினா உடனே ஆளை ஏத்திடுவோமா? எடைக்கட்டியை ஏத்தி மேலயும் கீழயும் ஓட்டிப் பாப்போம். தாங்கினா ஆளு. தாங்கலேன்னா கழட்டிட வேண்டியதுதான்."

உலகத்தில் வேறு எந்த வீட்டிலாவது இப்படி ஒரு யோசனை தோன்றியிருக்குமா என்று தெரியவில்லை. இந்த வீட்டில் தோன்றியது, உடனே சட்டமும் ஆயிற்று. ஞாயிறு காலையிலிருந்து மாலை ஆறு வரை அம்மா கப்பலில் இருக்கிறாள். வெளியே வரக் கூடாது, வாய் திறக்கக் கூடாது. பாத்ரூம் போகிற வழியில் யார் கண்ணிலாவது பட்டால், அவர்கள் பார்க்காத மாதிரி இருக்க வேண்டும். ஐந்து மணிக்கு ஒரே ஒரு போன். வீடு ஓடினால் ஆறு மணிக்கு அவள் சரி என்று சொல்வாள். விழுந்தால் இல்லை என்று சொல்வாள், அதன் பிறகு இந்தப் பேச்சையே யாரும் எடுக்கக் கூடாது.

சட்டத்தை எழுதாத குறையாக ஒப்பித்துக் காட்டியவள் மகள்தான். எட்டாம் வகுப்பு. ஆள் சிறிசு, காரம் அதிகம் என்பதால் மிளகு என்று அப்பா வைத்த பெயர் நிலைத்துவிட்டது.

ஊசியக்கா கட்டிலில் சாய்ந்துகொண்டு காதைத் தீட்டினாள். சும்மா சொல்லக் கூடாது, அவளுக்கு நல்ல நம்பிக்கை இருந்தது. எப்படியும் பத்து மணிக்குள் பால் பொங்கி அடுப்பில் வழியும். தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோவார், தொட்டி நிரம்பி மாடியிலிருந்து கொட்டும். துவைக்கிற மெஷினில் வெள்ளையையும் நீலத்தையும் ஒன்றாகப் போடுவார்கள்.

"அப்பா, பால்."

"பாத்துக்கிட்டேதான் நிக்கறேன்."

பால் பொங்கவில்லை. மோட்டார் ஓடியது, தொட்டி நிரம்புகிற சத்தம் மாறியது, மோட்டார் நின்றது. துவைக்கிற மெஷின் சுற்றத் தொடங்கியபோது மிளகு, "வெள்ளை தனியா எடுத்து வெச்சிட்டேன்" என்று சொன்னது கேட்டது. அதைக் கதவுப் பக்கம் திரும்பிச் சொன்னாளோ என்று ஊசியக்காவுக்குச் சந்தேகம்.

"மஞ்சள் தூள் எங்க இருக்கு?" இது லிஃப்ட்காரர்.

"அம்மாவைக் கேக்கக் கூடாது."

"நான் அவளைக் கேக்கலையே. உன்னைத்தான் கேட்டேன்."

"இவ்வளவு சத்தமா என்னை எதுக்குக் கேக்கறீங்க? பக்கத்துலதானே நிக்கறேன்."

ஊசியக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மஞ்சள் தூள் மேல் தட்டில், பிஸ்கட் டப்பாவுக்குப் பின்னால். சொல்ல நாக்கு துடித்தது. டப்பாக்கள் நகர்கிற சத்தம். "ஆங், இருக்கு" என்றார். அவரே கண்டுபிடித்துவிட்டார்.

சும்மா உட்கார்ந்து பழக்கமில்லாத உடம்பு. எழுந்து மெஷினில் உட்கார்ந்து, போன மாதமே தைத்திருக்க வேண்டிய ஒரு தலையணை உறையை எடுத்தாள். கால் பெடலை மிதிக்கத் தொடங்கிய நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது. மேல்வீட்டு டீச்சர். ஒரு ஜிப் மாற்ற வேண்டும்.

"அம்மா இல்லையே டீச்சர். கப்பல்ல இருக்காங்க."

"அப்படியா, எப்பப் போனாங்க?"

"காலைல."

உள்ளே மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. ஊசியக்கா சட்டென்று காலை எடுத்தாள். ஆனால் மெஷின் உடனே நிற்காது. நாலு தையல் தள்ளித்தான் நின்றது.

"கப்பல் சத்தம் இங்க வரைக்கும் நல்லாவே கேக்குது" என்றார் டீச்சர்.

மிளகு அசரவில்லை. விஷயத்தை விளக்கினாள். டீச்சர் சிரித்துவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டு சொன்னதும் கதவு வழியே தெளிவாகக் காதில் விழுந்தது. "விளையாட்டுன்னாலும், பொண்ணை விட்டுட்டு எட்டு மாசம்னா எப்படித்தான் மனசு வருதோ."

ஊசியக்காவுக்குச் சுருக்கென்றது. அவள் தன்னைத் தானே கேட்டுக்கொண்டிருந்த கேள்விதான். இருந்தாலும் அடுத்தவர் வாயால் கேட்கும்போது எரிகிறது.

"எங்கப்பா ரெண்டு வருஷம் வெளியூர்ல லிஃப்ட் மாட்டப் போயிருந்தாரே டீச்சர்" என்றாள் மிளகு. "அப்ப அவருக்கு எப்படி மனசு வந்துச்சுன்னு நீங்க யாருமே கேக்கலை."

டீச்சர் ஜிப் மாற்ற வேண்டிய துணியை வைத்துவிட்டுப் போய்விட்டார். காரம் அதிகம் என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்.

மத்தியானம் கதவை இரண்டு முறை தட்டிவிட்டு யாரோ ஓடினார்கள். திறந்தால் தரையில் சாப்பாட்டுத் தட்டு, மேலே மூடி. பசி. முதல் வாயை எடுத்து வைத்தாள். உப்பு சரியாக இருந்தது, காய் குழையாமல் வெந்திருந்தது. அதற்கு மேல் சாப்பிடாமல் தட்டை மூடி வைத்தாள்.

ஒரு நாள்கூடத் தாங்காது என்று நினைத்த வீடு, பாதி நாளைத் தாண்டி நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. அவள் சந்தோஷப்பட வேண்டும். வேண்டாமா? போகத்தானே ஆசைப்பட்டாள். ஆனால் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது, அதுவும் யார் மேல் என்று தெரியாத கோபம். இத்தனை வருடம் விடியற்காலையில் எழுந்து, ஓட்டமும் நடையுமாக ஹோட்டலுக்குப் போய், திரும்பி வந்து அடுப்பில் நின்று, நாம் இல்லாவிட்டால் இங்கே எல்லாம் அஸ்தமித்துவிடும் என்று ஓடிக்கொண்டிருந்தோமே. அப்படி ஒன்றும் இல்லையா?

கட்டிலில் படுத்துக் கூரையைப் பார்த்தாள். நேர்காணலில் ஏஜென்ஸிக்காரி, "உங்களுக்கு ஏதாவது கேக்கணுமா?" என்றபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "தையலறையில ஜன்னல் இருக்குமா?" ஹோட்டல் தையலறையில் ஜன்னல் கிடையாது. வெளியே மழையா வெயிலா என்பதைச் சீருடை மாற்ற வருகிறவர்களின் தோளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏஜென்ஸிக்காரி சிரித்துவிட்டாள். "அது தண்ணி மட்டத்துக்குக் கீழ இருக்கற தளம்மா. ஜன்னல் வெச்சா மீன்தான் தெரியும்."

இதைக் கேட்டதும் ஆசை அடங்கிவிடும் என்று அவள் எதிர்பார்த்தாள். அடங்கவில்லை. அங்கேயும் அதே ஜன்னலில்லாத அறைதான், அதே ஊசி நூல்தான் என்று தெரிந்த பிறகும் போக வேண்டும் என்றே இருந்தது. ஏன் என்று அவளுக்கே பிடிபடவில்லை.

வெயில் சாய்ந்து சுவர் மஞ்சளாகிற நேரத்தில் அந்த வாசனை வந்தது.

துணி கருகுகிற வாசனை. தையல் தெரிந்தவர்கள் இதில் ஏமாற மாட்டார்கள். பருத்தி கருகினால் காகிதம் எரிகிற மாதிரி இருக்கும். இது கொஞ்சம் பிளாஸ்டிக் உருகினாற்போல வந்தது. கலப்புத் துணி. மகளின் பள்ளிக்கூடப் பாவாடைதான், சந்தேகமே இல்லை. நாளைக்கு வேண்டும் என்று இஸ்திரி போட்டிருப்பார்கள், சூட்டைக் குறைக்க மறந்திருப்பார்கள்.

ஊசியக்கா எழுந்து உட்கார்ந்தாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைப்பானேன், உள்ளுக்குள் ஒரு துள்ளலே வந்தது. விழுந்ததா? ஒன்றாவது விழுந்ததா? குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டு பேரும் குசுகுசுவென்று ஏதோ பேசிக்கொண்டார்கள். பாவாடையை நனைத்துப் பார்க்கிறார்கள் போலிருக்கிறது, கருகினது தண்ணீரில் போகுமா என்று நினைத்துக்கொண்டாள். வாய்விட்டுக் கூப்பிட்டு எப்படிச் சரிசெய்வது என்று சொல்லியிருக்கலாம். சட்டம் சட்டம்தானே என்று இருந்துவிட்டாள்.

ஐந்து மணிக்கு அவள் போனை எடுத்து அழைத்தாள். கூடத்தில் மணி அடித்தது. ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பேச்சு.

"ஹலோ, கப்பலா?" என்றார் லிஃப்ட்காரர். "அங்க எப்படி, கடல் எல்லாம் சௌக்கியமா?"

"சௌக்கியம். வீடு எப்படி இருக்கு?"

"அருமையா ஓடுது. ஒரு குறையும் இல்ல."

"ஒண்ணுமே ஆகலையா?"

"என்ன ஆகப்போகுது?" அவர் குரல் வழக்கத்தைவிடக் கொஞ்சம் உயரத்தில் இருந்தது. "இந்தா, மிளகுகிட்ட குடுக்கறேன்."

"அம்மா. நான் நல்லா இருக்கேன். எல்லாம் முடிச்சிட்டோம். இஸ்திரிகூட ஆச்சு."

"பாவாடை?"

"அதுவும்தான். நீ சாப்பிட்டியா? அங்க குளிருதா?" போனைக் கை மாற்றினாள் போலிருக்கிறது. ஒரு நொடி அவள் மூச்சை இழுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, "ஸ்" என்று ஒரு சின்ன இழுப்பு, அவ்வளவுதான். பிறகு மறுபடி அதே பளிச்சென்ற குரல். "வேற என்னம்மா விசேஷம்?"

ஊசியக்கா போனைக் கட்டிலில் போட்டுவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"அம்மா, இன்னும் ஆறு ஆகலை" என்றாள் மிளகு. உக்கிரமான வெயில் நாளில் அவள் முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள்.

"கையைக் காட்டு."

"ஒண்ணுமில்லம்மா."

"காட்டு."

இடது முழங்கைக்குக் கீழே, உட்பக்கம், இரண்டு விரல் நீளத்துக்குச் சிவந்து, நடுவில் கொப்புளம் கட்டியிருந்தது. மேலே மருந்து பூசி, அதன் மேல் ஈரத்துணி. இஸ்திரிப் பெட்டி சரிந்ததைக் கையால் தடுத்திருக்கிறாள். கருகியது பாவாடைதான், ஆனால் பாவாடை மட்டும் இல்லை. அந்தத் தண்ணீர் அவ்வளவு நேரம் ஓடியது இதற்குத்தான். அப்போது உள்ளே உட்கார்ந்து சந்தோஷப்பட்டதை நினைத்ததும் ஊசியக்காவுக்கு மகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"சின்னதுதான்" என்றார் லிஃப்ட்காரர். "உடனே தண்ணில காட்டிட்டோம். மருந்துக்கடைல கேட்டுத்தான் மருந்து வாங்கினேன். நாளைக்கு டாக்டர்கிட்டயும் காட்டிடறேன்."

"சுவருக்கு இந்தப் பக்கம்தானே இருந்தேன். ஏன் கூப்பிடலை?"

"கூப்பிட்டா வீடு விழுந்துடுச்சுன்னு அர்த்தம். நீ போக மாட்டே."

"அதுக்காகப் புள்ளை கையைச் சுட்டுக்கிட்டதை மறைப்பீங்களா? ரெண்டு பேரும் சேர்ந்து, பச்சைக் குழந்தை மாதிரி முகத்தை வெச்சுக்கிட்டு போன்ல பொய் சொல்றீங்க."

"நிஜமாவே கப்பல்ல இருந்தா நீ ஓடி வர முடியுமா?" என்று கேட்டாள் மிளகு. "முடியாதில்ல. அப்ப சொல்லி என்ன ஆகப்போகுது? நீ அங்க உக்காந்து அழுவே, எனக்கு இங்க கை வலிக்கும். ரெண்டும் எதுக்கு? ஒண்ணு போதும்னு பாத்தேன்."

ஊசியக்கா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, மகளின் கையை மடியில் வைத்து, ஈரத்துணியை எடுத்து மறுபடி நனைத்துப் போட்டாள். கை பழகிய வேலையைச் செய்தது. கண் கலங்கியது.

"நான் ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே?" என்றார் லிஃப்ட்காரர். "நான் வெளியூர்ல இருந்தப்போ மிளகு காய்ச்சல்ல ஆஸ்பத்திரில கிடந்தா. அன்னிக்கு நான் போன் பண்ணினேன். என்ன சொன்னே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. நன்றாகவே இருந்தது. ஆஸ்பத்திரி நடையில் நின்றுகொண்டு, பின்னால் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போக, "புள்ளை தூங்கறா, நாங்க நல்லா இருக்கோம்" என்று சொன்னாள். அவர் பாவம், தனியாக இருக்கிறார், தெரிந்தால் தவித்துப்போவார் என்று நினைத்தாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வந்ததும் முதல் நாளே இவ சொல்லிட்டா. உன்கிட்ட நான் கேக்கலை. எனக்காகத்தானே சொன்னேன்னு விட்டுட்டேன். ஆனா அதுக்கப்புறம், அந்த ரெண்டு வருஷத்துல நீ சொன்னதுல எது நிஜம், எது எனக்காகன்னு அப்பப்போ யோசிப்பேன்." அவர் தலையைச் சொறிந்துகொண்டார். "எடையை மட்டும் பாத்துட்டேன் பாரு. லிஃப்ட்ல முதல்ல பாக்க வேண்டியது மணி. உள்ள மாட்டிக்கிட்டவன் அடிச்சா வெளிய கேக்கணும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கத்துக் குடுக்கறது அது. அதைப் பாக்க மறந்துட்டேன்."

கடைசியாகப் போட்ட வெள்ளையைத் துவைத்து முடித்துவிட்டு மெஷின் கூவியது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"நானும் ஒண்ணு சொல்லிடறேன்" என்றாள் ஊசியக்கா. "கருகின வாசனை வந்தப்போ நான் சந்தோஷப்பட்டேன். பாவாடைன்னுதான் நெனச்சேன். ஆனா சந்தோஷப்பட்டேன். காலைலேருந்து ஏதாவது விழாதான்னுதான் காத்துக்கிட்டு இருந்தேன்."

"தெரியும்" என்றாள் மிளகு. "பால் பொங்காம அப்பா அடுப்பை அணைச்சப்போ உள்ள நீ 'ச்சே'ன்னது கேட்டுச்சு."

லிஃப்ட்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு சிரிப்பாக அவர் சொன்னார், "எனக்கும் பயம்தான். வீடு ஓடாதுன்னு இல்ல. ஓடிடுமோன்னு. நீ இல்லாமலே எல்லாம் சரியா ஓடிப் பழகிடுச்சுன்னா, திரும்பி வந்து நீ எங்க உக்காருவே? நான் ஊர்லேருந்து வந்தப்போ ரெண்டு மாசம் இந்த வீட்டுல விருந்தாளி மாதிரி இருந்தேன். தம்ளர் எங்க இருக்குன்னு கேட்டுத்தான் தண்ணி குடிச்சேன். உன்கிட்ட சொல்லலை."

அவள் அவரைப் பார்த்தாள். பதினைந்து வருடமாகத் தெரிந்த முகம். இந்த ஒரு வாரமாக "போ, போ" என்று அவர் ஒற்றைக் காலில் நின்றதன் கனம் இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"சரி, எங்களை விடு" என்றாள் மிளகு. "உனக்குப் போகணுமா, வேண்டாமா?"

வேடிக்கை பாருங்கள், இந்த ஒரு வாரத்தில் சாதகம், பாதகம், பரீட்சை, பாஸ்போர்ட் என்று என்னென்னவோ பேசினார்கள். இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்கவில்லை.

"போகணும்" என்றாள். தயங்காமல் வந்துவிட்டது.

"ஏன்?"

"தெரியலை. இங்கயும் கீழ்த்தளம், அங்கயும் கீழ்த்தளம். ஜன்னல் ரெண்டுலயும் இல்ல. ஆனா அந்த ரூம் நகரும். நான் தைச்சுக்கிட்டு இருக்கும்போதே அது வேற எங்கயோ போய்ச் சேர்ந்திருக்கும். படியேறி மேல வந்தா வேற ஊரு. ஒரு தடவையாவது அப்படி இருந்து பாக்கணும்."

"லிஃப்டும்தான் நகருது" என்றார் கணவர்.

"அது ஏறின இடத்துக்கே திரும்பி வந்துடுமே."

"அதைத்தானே நானும் கேக்கறேன்" என்றார் அவர். இதை வேடிக்கையாகச் சொல்லத்தான் ஆரம்பித்தார், முடிக்கும்போது குரல் கம்மியது. அவள் எட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆறு மணி ஆகப்போகிறது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நான் போறதா இருந்தா ஒரே ஒரு சட்டம். சின்னதோ பெருசோ, நடந்ததை நடந்தபடி சொல்லணும். கை சுட்டுச்சுன்னா சுட்டுச்சு. அழுகை வந்தா அழணும். நான் அங்க தவிச்சா தவிச்சுட்டுப் போறேன், அது என் பாடு. எனக்காகன்னு யாரும் எதையும் மூடி வைக்க வேண்டாம். நானும் மூட மாட்டேன். சம்மதமா?"

"சம்மதம்" என்றார் லிஃப்ட்காரர்.

"சம்மதம்" என்றாள் மிளகு, கொஞ்சம் தாமதமாக.

போன் அடித்தது. பின்னறைக் கட்டிலில் கிடந்து அடித்தது. ஊசியக்கா எழுந்து போய் எடுத்தாள். இவர்கள் இருவரும் கூடத்திலேயே நின்றார்கள். திறந்த கதவு வழியே அவள் முதுகு தெரிந்தது.

"ஆமாங்க. யோசிச்சுட்டோம்" என்றாள். "வர்றேங்க."

ஏஜென்ஸிக்காரி பேசினாள். ஊசியக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு முறை, "பரீட்சை முடிஞ்சப்புறம்னு சொன்னீங்களே" என்றாள். மறுபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "புரியுதுங்க" என்றாள். போனை வைத்த பிறகும் திரும்பாமல் அப்படியே நின்றாள். பதற்றப்படாமல், நாளைக்கோ ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகோ, கணவரிடம் மட்டும் தனியாக, மெதுவாகச் சொல்லலாமா என்று ஒரு யோசனை ஓடியது. அந்த யோசனையை அவளே பிடித்துத் தள்ளினாள். திரும்பிக் கூடத்துக்கு வந்தாள்.

"இப்ப கப்பல்ல இருக்கற தையற்காரர் உடம்பு முடியாம பாதில இறங்கிட்டாராம். வேற ஆளில்லை. வர்ற வெள்ளிக்கிழமை புறப்படணும். நாளைக்குக் காலைல பாஸ்போர்ட்டோட வரச் சொன்னாங்க. அது முடியாதுன்னா வேற ஆளைப் பாத்துப்பாங்க."

லிஃப்ட்காரர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். பரீட்சைக்கு அதில் இன்னும் முழுசாக ஒரு தாளைத் திருப்ப வேண்டும். "வெள்ளிக்கிழமையா" என்றார். ஈரத்துணி காய்ந்துவிட்டதே என்று அதை எடுத்துக்கொண்டு குழாய்ப் பக்கம் போனார்.

மிளகு நின்ற இடத்திலேயே நின்றாள். பரீட்சைக்கு அப்புறம் என்றால் அது எப்போதோ ஒரு நாள். வெள்ளிக்கிழமை என்றால் இந்தப் பாவாடைக்குப் புதுத் துணி எடுத்துத் தைப்பதற்குள் வந்துவிடுகிற நாள். பள்ளிக்கூடத்தில், வீட்டில், டீச்சரிடம், போனில், எங்கும் இதுவரை தணியாமல் இருந்த அந்தக் காரம் அவள் முகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. சுட்ட கையை மற்ற கையால் தாங்கிக்கொண்டு வந்து அம்மாவின் தோளில் நெற்றியை வைத்தாள்.

"போகாதேம்மா."

"என்னடா?"

"மோட்டார், பாலு, துணி, எல்லாம் எனக்குத் தெரியும். அதுக்கில்ல. நீ போக வேண்டாம். முதல் நாளே சொல்லணும்னு இருந்தேன். உனக்கு ஆசையா இருக்கேன்னு சொல்லலை." பிறகு, அம்மா திட்டுவாளோ என்று பயந்த மாதிரி மெல்லச் சொன்னாள், "நடந்ததை நடந்தபடி சொல்லணும்னு நீதானே சொன்னே."

ஊசியக்கா மகளை அணைத்துக்கொண்டாள், சுட்ட கை நசுங்காமல் பார்த்து அணைத்துக்கொண்டாள். குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம் நின்றுவிட்டது. அவர் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கு இன்னொன்றும் தெரிந்தது. மகள் போகாதே என்று சொன்ன பிறகும், அந்தச் சூடு தோளில் இருக்கும்போதே, போக வேண்டும் என்கிற ஆசை அவளுக்குள் இருந்த இடத்திலேயே இருந்தது. கொஞ்சம்கூடக் குறையவில்லை.

"அம்மா, ஏதாவது சொல்லு" என்றாள் மிளகு.

உண்மையைத்தான் சொல்ல வேண்டும். சட்டம் போட்டவளே அவள்தான். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஊசியக்கா மகளின் தலையைத் தடவிக்கொண்டே நின்றாள்.